முன்னால் வெடிக்கிறதா, பின்னால் வெடிக்கிறதா?

(தேனியில் பழைய கார், ஜீப் வைத்திருப்பவர்களும் பட்டறைக்காரர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களின் புகார் பெரும்பாலும் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். "வெடிக்குதுண்ணே. மேடு ஏறையில புல்லிங்கே இல்லண்ணே." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முன்னால் வெடிக்கிறதா, பின்னால் வெடிக்கிறதா? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. டமார் என்றது, பயந்துவிட்டோம், ஓரங்கட்டினோம் என்பார்கள். பானட்டுக்குள் கார்புரேட்டர் வழியாக வெடிப்பது ஒரு நோய். சைலன்சரில் வெடிப்பது வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைத்துக் கார்புரேட்டரைக் கழற்றுவதில்தான் நம் ஊரில் பாதிப் பணம் போகிறது. இன்று நான் பேசப்போவது அந்தப் பணத்தைப் பற்றித்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நம் பள்ளத்தாக்கில் வண்டியின் நோயை மறைக்க முடியாது. போடியை விட்டுக் கிளம்பினால் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. கம்பத்தை விட்டால் கம்பம்மெட்டு. கூடலூர், லோயர் கேம்ப் தாண்டினால் குமுளி. சின்னமனூரிலிருந்து மேகமலை. சமதளத்தில், பெரியகுளம் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் போகிற அம்பாசிடர், மூன்றாவது வளைவில் இரண்டாவது கியரில் திணறும்போதுதான் உண்மையைச் சொல்லும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன பழைய பெட்ரோல் ஜீப்புகளில் நிறைய, டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. டீசலில் பிளக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது, நான் சொல்லும் இந்த வெடியும் கிடையாது. மாறாமல் தப்பித்த வில்லிஸ், மகிந்திரா பெட்ரோல் ஜீப்புகள், அம்பாசிடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவைதான் நம் பேச்சுக்குரியவை.

இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு வெடியும் திணறலும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது பஸ்கள் கரி வாயுவில் ஓடின. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே வண்டியில் பொருத்தும் கரி வாயுக் கலனைத் தயாரித்துக் கொடுத்தது. அந்த வாயுவில் எஞ்சின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளியது அதனால்தான். கரி வாயு மெதுவாக எரியும். ஆகவே பொறி முன்கூட்டியே விழ வேண்டும், அதாவது டைமிங்கை அட்வான்ஸ் பண்ண வேண்டும். இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், எரிபொருள் மாறினால் எஞ்சினின் அமைப்பும் மாற வேண்டும் என்பதை அந்தக் காலத்து டிரைவர் அனுபவத்தில் அறிந்திருந்தார். நமக்கும் எரிபொருள் மாறியிருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பின்னால் வெடிப்பது.

சைலன்சரில் வெடி கேட்க மூன்று பொருள் அங்கே சேர வேண்டும்: எரியாத பெட்ரோல், புதுக் காற்று, பற்றவைக்கச் சூடு. சூடு எப்போதும் இருக்கும். எரியாத பெட்ரோல் எப்படி அங்கே போனது? ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை, அல்லது மிகத் தாமதமாக விழுந்தது, அல்லது எக்ஸாஸ்ட் வால்வு கருகிச் சரியாக மூடவில்லை. புதுக் காற்று எப்படி வந்தது? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் ஊதியிருக்கிறது, அல்லது பைப் இணைப்பில் ஓட்டை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்டைச் சுற்றிக் கவனித்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், கேஸ்கட்டின் ஓரத்தில் கரித் தடம் தெரியும். முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள்.

குமுளியிலிருந்து இறங்கும்போது மட்டும் வெடிக்கிறது என்பார் சிலர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை அதிகம், கலவை ஒழுங்காக எரியாது, எரியாதது சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கும். லேசான பொடிப்பொடி வெடியாக இருந்தால் பெரிய குற்றமில்லை. பழைய எஞ்சின் அப்படித்தான் முணுமுணுக்கும். ஓங்கி வெடித்தால் கேஸ்கட்டைப் பாருங்கள். இன்னொரு பழக்கம் உண்டு, இளவட்ட டிரைவர்கள் செய்வது: இறக்கத்தில் சாவியை அணைத்து, நாலு நொடி கழித்துத் திருப்பிப் போடுவது. கியரில் உருளும் எஞ்சின் அந்த நாலு நொடியும் பெட்ரோலை எரிக்காமல் சைலன்சருக்குள் ஊற்றிக்கொண்டிருக்கும். சாவி போட்டதும் பீரங்கி மாதிரி வெடிக்கும், சைலன்சர் தையல் பிரிந்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். மிச்சமாவது எதுவுமில்லை. சைலன்சர் வாங்கப் போகும்போது தெரியும்.

முன்னால் வெடிப்பது இதைவிடக் கவலைக்குரியது. கார்புரேட்டர் வழியே நெருப்பு திரும்பி வருகிறது என்றால், இன்லெட் வால்வு திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் தீ இருக்கிறது என்று அர்த்தம். காரணங்களில் முதலாவது கலவை இளைத்திருப்பது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் கலவை மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் முடிந்து அடுத்த இன்லெட் திறக்கும் வரை எரிந்துகொண்டிருக்கும், புதிதாக வரும் கலவையைப் பற்றவைத்துவிடும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது 'புஸ்க்' என்று தும்முவது இதனால்தான். அம்பாசிடரில் இருக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரில் மேலே ஒரு சிறு மூடி இருக்கிறதே, அதைத் திருகி எடுத்து உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? அந்த எண்ணெய் பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் வற்றிப்போனால் மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளும், கலவை ஒரு கணம் இளைக்கும், தும்மும். ஒரு சொட்டு எண்ணெய்க்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

கலவையைச் சோதிக்க இதே கார்புரேட்டரில் வழியும் இருக்கிறது. எஞ்சின் சூடாகி ஸ்லோவில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெதுவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அமுங்கி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஆனால் இந்தச் சோதனைக்கு முன்னால் இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கட், கார்புரேட்டர் அடிப்புற கேஸ்கட், த்ராட்டில் தண்டின் தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்திருக்க வேண்டும். அங்கே காற்று இழுத்தால் ஜெட்டை எவ்வளவு திருகினாலும் பிரயோசனமில்லை.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடம்: பொறி. நான் பார்த்த 'கார்புரேட்டர் கோளாறு'களில் பெரும்பகுதி டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருந்தது. இது என் கட்சி. எதிர்க்கட்சி இருந்தால் கேள்வி நேரத்தில் வரட்டும்.

அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினானாலும் சரி, ஃபியட், ஹெரால்டு, வில்லிஸ் ஜீப்பானாலும் சரி, பொறி விழும் வரிசை ஒன்றுதான்: 1, 3, 4, 2. பிளக் ஒயரைக் கழற்றி மாட்டும்போது இரண்டு மாறிப்போனால் வண்டி முன்னாலும் பின்னாலும் வெடிக்கும், நடக்கவே நடக்காது. அது சுலபமான கோளாறு, ஏனென்றால் உடனே தெரிந்துவிடும். தொல்லை கொடுப்பது பாதி வேலை செய்யும் பாகங்கள். பாயிண்ட் இடைவெளி அம்பாசிடருக்கு 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), ஜீப்புக்கு 20 தௌ. பிளக் முறையே 25, 30. பீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்துப் பார்க்காதீர்கள். பாயிண்டின் ரப்பிங் பிளாக் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் தானாகப் பின்தங்கும், புல்லிங் போகும், சைலன்சர் சிவக்கும். யாரும் கை வைக்காமலே டைமிங் மாறுவது இப்படித்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இரண்டு சின்ன எடைக்கட்டிகள் ஸ்பிரிங்கோடு இருக்கும். வேகம் கூடும்போது அவை விரிந்து டைமிங்கை முன்தள்ள வேண்டும். வருஷக்கணக்கில் எண்ணெய் படாமல் துரு ஏறி ஒட்டிக்கொண்டால் ஸ்லோவில் அருமையாக ஓடும், வேகம் எடுக்காது. ரோட்டரைக் கையால் திருகிவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வேண்டும். பக்கவாட்டில் தட்டு மாதிரி இருக்கும் வேக்கம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இரண்டு சோதனைக்கும் சேர்த்துச் செலவு எதுவுமில்லை.

கண்டென்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விரல் நுனி அளவு உருளை. குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும். சூடானால் படுத்துவிடும். மலையில் பாதி ஏறியதும் வெடிக்கும், திணறும், நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இதே அறிகுறிதான் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆனாலும் வரும். ஆகவே எல்லோரும் ஏசி பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். காத்திருந்ததால் கண்டென்சரும் ஆறும், வண்டி கிளம்பும், பழி பம்பின்மேல் விழும். நின்ற இடத்திலேயே இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கையில் ஒரு உதிரி பிளக் வைத்திருங்கள். பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிளக் ஒயர் ஒன்றில் அதை மாட்டி, எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கொழுத்த நீலப் பொறி என்றால் பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, நூல் மாதிரி, விட்டு விட்டு விழுந்தால் கண்டென்சர், பாயிண்ட், காயில். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்க்கையில் பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரேதான்.

மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் போடிமெட்டுப் பனியில் ஈரம் ஏறி ஒரு சிலிண்டரின் பொறி இன்னொன்றுக்குத் தாவும். பகலில் பார்த்தால் எதுவும் தெரியாது. இருட்டில் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கில்லாமல் பாருங்கள். ஒயர்களின் மேல் நீலமாக மினுக்கினால் ஒயரையும் மூடியையும் மாற்ற வேண்டியதுதான்.

மலையே எடுத்துக்கொள்ளும் சக்தியும் உண்டு. அதைக் கோளாறு என்று எண்ணக் கூடாது. போடி சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் சக்தியும் அதே அளவு குறையும். அம்பாசிடரின் சுமார் 50 குதிரைத்திறனில் ஐந்தைப் போடியிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் ஏறுகிறீர்கள். காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஆகவே மேலே கலவை கொஞ்சம் கொழுக்கும், பிளக்கில் கரி படியும். இது இயற்கை. மேலே போய் நின்று ஜெட்டைத் திருகி இளைக்க வைக்கிற நண்பர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீழே இறங்கியதும் அதே கலவை தேவைக்கு மேல் இளைத்துக் கார்புரேட்டர் தும்மும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

வேக்கம் கேஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறையும். தேனியிலேயே ஒன்று குறையும், போடிமெட்டில் நாலரை வரை குறையும். அங்கே 14 காட்டினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். எண்ணைவிட முள்ளின் நடத்தை முக்கியம். சீரான இடைவெளியில் முள் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு கருகியிருக்கிறது. வேகத்தைக் கூட்டி அப்படியே பிடித்திருக்கும்போது முள் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைத்திருக்கிறது. தோட்டத்து ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் குளவியின் மண்கூட்டைப் பின் பைப்பில் தேடுங்கள். இதை நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்பாசிடர் வந்தது. கார்புரேட்டர் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றி, காயில் மாற்றி, கடைசியில் விற்றுவிடலாம் என்ற முடிவோடு வந்திருந்தார் சொந்தக்காரர். மிதித்தால் கார்புரேட்டர் வழியே ஒரே தாளத்தில் வெடிக்கும். ஒரே தாளம் என்றாலே ஒரே சிலிண்டர் என்று பொருள். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றியதில் ஒன்றைக் கழற்றியதும் வெடி நின்றது. டேப்பட் மூடியைத் திறந்து எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால், அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவற்றில் பாதி அளவுகூட இறங்கவில்லை. கேம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. எரிந்த புகைக்கு வெளியே போக வழியில்லை, இன்லெட் திறந்ததும் அந்தப் பக்கம் பாய்ந்தது. கேம் ஷாஃப்டை மாற்றினோம், சரியாயிற்று. முதலில் டேப்பட் மூடியைத் திறந்திருந்தால் மூன்று பாகங்களின் விலை மிச்சம்.

எரிபொருள் விஷயத்துக்கு வருகிறேன். 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. மூச்சு விடுகிற எல்லோருக்கும் அது நல்லது. ஆனால் பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெத்தை போல இருந்தது அந்த ஈயம்தான். அது போனபின் பாரம் ஏற்றி மலை ஏறும் வண்டிகளில் வார்ப்பிரும்பு இருக்கை தேய்ந்து, வால்வு உள்ளே அமிழ்ந்து, டேப்பட் இடைவெளி அடைபடுகிறது. வால்வு முழுதாக மூடாது, கருகும், கம்ப்ரெஷன் போகும். டேப்பட் அடிக்கடி இறுகிக்கொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து, கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். ஒரு தடவை செலவு.

இரண்டாவது மாற்றம் எத்தனால். 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று தொடங்கி, 2022-ல் 10 ஆகி, 2023 முதல் 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்து, இன்று அதுதான் வழக்கமான பெட்ரோல். கரும்பு போடுகிற மாவட்டம் நம்முடையது, எனக்கு எத்தனாலோடு பகை இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதம் கலந்தால் சுமார் பதின்மூன்றரை. அறுபதுகளில் வெட்டிய ஜெட் 14.7-க்கு வெட்டியது. ஆகவே யாரும் தொடாமலே உங்கள் வண்டியின் கலவை ஏழெட்டு சதவீதம் இளைத்துவிட்டது. 'போன வருஷம் வரைக்கும் நல்லா இருந்துச்சுண்ணே, இப்பதான் தும்முது' என்பவர்களில் பலருக்கு இதுதான் விடை. எஸ்.யூ.வில் ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்கினால் தீரும். சோலெக்ஸ் போன்றவற்றில் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போட வேண்டியிருக்கும். புதிய வண்டி தன் சென்சாரால் தானே திருத்திக்கொள்ளும். பழைய வண்டிக்கு நீங்கள்தான் சென்சார்.

எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை எடுக்கிற வண்டியின் டேங்கில் அது தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று அறிய ஒரு கண்ணாடி அளவுகுழாயில் நூறு மில்லி பெட்ரோலும் பத்து மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் பத்துக்குப் பதில் முப்பது நின்றால் இருபது சதவீதம். பழைய ரப்பர் குழாய், பம்பின் டயாஃப்ரம், கார்க் கேஸ்கட் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். எத்தனால் தாங்கும் குழாய் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

எல்லாத் தொல்லையும் வேண்டாம், டீசல் எஞ்சினைப் போட்டுவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021-ல் வந்த மத்திய அரசு விதியின்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி கிடைக்காது. அன்றாட ஓட்டத்துக்கும் அந்தப் பதிவு உதவாது. இரண்டையும் யோசித்து முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது மட்டும் வேண்டுகோள். ஏர் கிளீனர் இடைஞ்சலாக இருக்கிறது என்று சிலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். கார்புரேட்டர் வழியே வெடிக்கும்போது வருவது நெருப்பு. அதைத் தடுத்து நிறுத்துவது அந்த ஏர் கிளீனர்தான். பக்கத்தில் உப்பிப்போன ரப்பர் குழாயில் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் வெடிக்கும் வண்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வெடி நிற்கும் வரை ஏர் கிளீனரைக் கழற்றாதீர்கள், குழாயை இந்த வாரமே மாற்றுங்கள், டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்று வாங்கி வையுங்கள்.